விருந்தாளி எழுந்தால் வீடே எழும்

ஈரானின் பாலைவனப் பக்கத்து யஸ்து நகரத்தில் வந்து இறங்கிய நாளிலிருந்து இஸ்பந்தியாருக்கு வெளிக்குப் போகவில்லை. எடுத்த எடுப்பிலேயே இதையா சொல்வது என்று முகம் சுளிக்காதீர்கள். விஷயமே இதுதான். இதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் அந்த மனுஷர் பெற்ற பிள்ளையின் கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தார்.

அவருக்கு வடக்கே லாஹிஜானில் தேயிலைத் தோட்டம். மழை விடாத ஊர். கீரையும் பூண்டும் பச்சைப் பயறும் மீனுமாகச் சாப்பிட்டுப் பழகிய உடம்பு. மகன் கியானூஷுக்கு தெஹ்ரானில் வேலை. அங்கே கூட வேலை பார்க்கிற மஹ்லகா என்ற யஸ்துப் பெண்ணை மனசுக்குப் பிடித்துப்போய்விட்டது. புத்தாண்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்து தங்குங்கள், விடுமுறை முடிவதற்குள் பெரியவர்களைக் கூட்டிப் பேச்சை முடித்துவிடலாம் என்று பெண் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. குடும்பம் என்றால் அப்பாவும் மகனும்தான். மனைவி ஃபரங்கீஸ் காலமாகி மூன்று வருஷமாகிவிட்டது.

அந்த ஃபரங்கீஸ் இருந்தவரை தினமும் படுக்கப்போகும்போது ஒரு கிண்ணத்தில் நாலைந்து உலர்ந்த அத்திப்பழத்தை ஊறவைத்து, காலையில் அவர் கையில் கொடுப்பாள். ஆசையாகக் கொடுக்கிறாள் என்று நினைத்து வாங்கித் தின்பார். எதற்காகக் கொடுத்தாள் என்பது அவள் போன பிறகுதான், வயிறு முரண்டு பிடித்தபோதுதான் புரிந்தது. அன்று தனியாக உட்கார்ந்து அழுதார். அதற்குப் பிறகு தானே ஊறவைத்துக்கொண்டார். இந்தப் பயண அவசரத்தில் அத்திப்பழப் பையை அடுப்படி மேடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

பெண்ணின் அப்பா ரஹ்மத், ஜரிகைத் துணி வியாபாரி. தங்கமான மனுஷர். அவர் மனைவி மொலூக் அவரைவிடத் தங்கம். அந்தத் தங்கங்களின் உபசாரம்தான் இஸ்பந்தியாரின் வயிற்றைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டது. குங்குமப்பூச் சோறு மலைபோல வரும். கூடவே ஆட்டுக்கறி, கறிக்குப் பின்னால் பாதாம் அடைத்த பலகாரம், அதன்மேல் பஞ்சுமிட்டாய், கட்டங்கடைசியில் தேநீர். தட்டில் ஓர் இடம் வெள்ளையாகத் தெரிந்தால் போதும், அடுத்த கரண்டி விழுந்துவிடும். வேண்டாம் என்று சொன்னால் கூச்சப்படுகிறார் என்று அர்த்தம். மூன்று தரம் வேண்டாம் என்றால் ரொம்பக் கூச்சப்படுகிறார் என்று அர்த்தம். விருந்தாளி ஒரு வாய் வைத்தால் கூடவே வீட்டுக்காரரும் ஒரு வாய் வைக்க வேண்டும். பாவம், ரஹ்மத்தும் முகத்தில் சிரிப்பு மாறாமல் தின்றுகொண்டே இருந்தார்.

சாப்பாட்டைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். எழுந்து நிற்பதுதான் தாங்க முடியவில்லை. அந்த வீட்டில் விருந்தாளி எழுந்தால் மரியாதைக்கு வீடே எழும். கழிப்பறை முற்றத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், சமையலறையை ஒட்டி இருந்தது. இஸ்பந்தியார் முழங்காலைப் பிடித்து மெல்ல எழுந்தார் என்றால் ரஹ்மத் எழுவார், மகள் எழுவாள், பேசிக்கொண்டிருக்கிற அக்கம்பக்கத்தாரும் எழுவார்கள். எங்கே கிளம்பிட்டீங்க, உட்காருங்க, என்ன வேணும்னாலும் கொண்டு வர்றோம் என்பார்கள். இவருக்கு வேண்டியதைக் கொண்டு வரவா முடியும்? விஷயம் புரிந்ததும் மொலூக் ஓடிப்போய்க் கெண்டியில் வெந்நீர் நிரப்பி, தானே கழிப்பறை வாசலில் வைத்துவிட்டு வருவாள். உள்ளே போய் உட்கார்ந்தால் வெளியே ஒருத்தரும் பேசமாட்டார்கள். விருந்தாளிக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதாம். அந்த அமைதியில் எந்த வயிறு வேலை செய்யும்? கையை மட்டும் கழுவிக்கொண்டு வெளியே வருவார். எல்லாரும் மறுபடி எழுந்து நிற்பார்கள்.

இதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். மடத்தனம்தான், ஆனால் அவர் நிலைமை அப்படி. தண்ணீர் குறையக் குறைய வயிறு இன்னும் இறுகியது. வயிறு இறுக இறுக, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டாத குறையானது. மூன்றாம் நாள் மதியம் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அன்று மாலையும் தள்ளினார்.

பிள்ளை வீட்டுக்காரர் பெண் வீட்டில் தட்டைத் தள்ளினால் அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இது இஸ்பந்தியாருக்கும் தெரியாததல்ல. தெரிந்தும் என்ன செய்வார், வயிறு இடம் கொடுத்தால்தானே.

மறுநாள் காலையில், எல்லாரும் அசந்திருக்கிற நேரமாகப் பார்த்துப் பூனைபோலக் கழிப்பறைப் பக்கம் நகர்ந்தவர், சமையலறையில் மொலூக் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டுச் சுவரோரமாக நின்றுவிட்டார். உள்ளே அவள் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பிடிக்கலன்னா பிடிக்கலன்னு வாயத் திறந்து சொல்லிட்டுப் போலாமே. நான் விடியக்காலம் எழுந்து ஆக்கி வச்ச சோத்தத் தள்ளித்தான் காட்டணுமா? நாளைக்கு உன் மாமா, பெரியப்பா எல்லாரும் வர்றாங்க. அவங்க முன்னாடி இந்த மனுஷன் எழுந்து போயிட்டா நான் எங்க போய் முகத்த வச்சுப்பேன்?"

அழாதம்மா என்றாள் மஹ்லகா. அந்தப் பெண்ணின் குரல்தான் இஸ்பந்தியாரின் நெஞ்சை அறுத்தது. வந்த நாளிலிருந்து 'மாமா, மாமா' என்று சுற்றிச் சுற்றி வந்த பிள்ளை. அவளைப் பார்த்த அன்றே, ஃபரங்கீஸ் இருந்திருந்தால் இவளை மடியிலேயே வைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தவர் அவர். வந்த வேலையை மறந்து திரும்பிவிட்டார்.

அறைக்கு வந்தால் அங்கே கியானூஷ் காத்துக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது.

"அப்பா, உங்களுக்கு மஹ்லகாவப் பிடிக்கலையா?"

"யார்டா சொன்னது? அவ பத்தரமாத்துத் தங்கம்டா."

"அப்ப ஏன் இப்படி நடந்துக்கிறீங்க? அவங்க அம்மா அழுவுறாங்க. என்னன்னு எங்கிட்டயாவது சொல்லுங்க."

சொல்லத்தான் நினைத்தார். ஆனால் முப்பது வயது மகனிடம், அதுவும் கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில், எந்த வாயால் அதைச் சொல்வது? பயணக் களைப்பு என்றார். அவன் நம்பவில்லை. கதவைச் சாத்தாமல் எழுந்து போய்விட்டான்.

இனி பொறுக்க முடியாது என்று இஸ்பந்தியார் தொப்பியை எடுத்தார். கொஞ்சம் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று ரஹ்மத்திடம் சொன்னார். நானும் கூட வருகிறேன் என்று அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சுவார், எப்படிக் கழற்றிவிடுவது என்று யோசித்துக்கொண்டேதான் சொன்னார். ரஹ்மத்தோ, தாராளமாகப் போய்வாருங்கள், எனக்கும் கடையில் ஒரு சின்ன வேலை இருக்கிறது என்று சொல்லி வேறு பக்கம் பார்த்தார். சுருக்கென்று இருந்தது. இந்த மனுஷருக்கும் மனசு கசந்துவிட்டது, உபசாரமே நின்றுபோய்விட்டதே என்று நினைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். இத்தனை நாள் எந்த உபசாரத்திலிருந்து தப்பிக்கத் தவித்தாரோ, அது இல்லாமல் போனதும் கண் கலங்கியது.

விடுமுறைக்குக் கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மருந்துக்கடை திறந்திருந்தது. உள்ளே இரண்டு பெண்கள் நின்றார்கள். அவர்கள் போகிற வரைக்கும் இஸ்பந்தியார் பற்பசை வாங்க வந்தவர் மாதிரி பற்பசையாக எடுத்து எடுத்துப் பார்த்தார். கடைசியில் கல்லாவுக்கு வந்து, மருந்தாளர் அம்மாவிடம் குனிந்து, வயிறு கொஞ்சம் சரியில்லை, கொஞ்சம் இளக்கமாக ஏதாவது என்று முனகினார்.

"மலச்சிக்கலா?" என்று அந்த அம்மா கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

ஷாம்புப் புட்டிகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். தெரிந்த இருமல். இஸ்பந்தியார் திரும்பிப் பார்த்தார். கையில் ஒரு ஷாம்புப் புட்டியைப் பிடித்துக்கொண்டு, திருட்டு முழி முழித்தபடி நின்றுகொண்டிருந்தார் ரஹ்மத். வழுக்கைத் தலைக்கு எதற்கு அந்தப் புட்டி?

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் அசடு வழிந்தது ரஹ்மத்தான். பிறகு பழக்கதோஷம், ரஹ்மத் கையை நீட்டி, நீங்க முதல்ல வாங்கிக்குங்க என்றார். இவர், ஐயோ நீங்கதான் முன்னாடி வந்தீங்க, நீங்க முதல்ல என்றார். விருந்தாளி இருக்கும்போது நானா என்றார் அவர். உங்க ஊர்ல நான் முந்துவேனா என்றார் இவர். மருந்தாளர் அம்மா கல்லாவைத் தட்டினாள். ரெண்டு பேருக்கும் ஒரே நோய்தானே, ரெண்டு பேரும் ஒண்ணாவே வாங்க என்றாள்.

அப்புறம் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நிறுத்துகிற மாதிரி நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டாள். வாந்தி உண்டா, வயிற்றில் தாங்க முடியாத வலி உண்டா, ரத்தம் பட்டதா, காய்ச்சல் அடிக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மருந்து தரமாட்டேன், நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் என்றாள். ஒன்றும் இல்லை என்று இரண்டு பேரும் தலையாட்டினார்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று என்றார் இஸ்பந்தியார். பெயரைக் கேட்டுக்கொண்டு, பரவாயில்லை என்றாள். ரஹ்மத் தயங்கித் தயங்கி, வீட்டில் வயிற்றை இளக்குகிற பாரஃபின் எண்ணெய், பழைய புட்டி ஒன்று இருந்தது, நேற்று அதில் ஒரு கரண்டி என்று இழுத்தார். அவ்வளவுதான், அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் புட்டியைத் தூக்கிப் போடுங்கள், நான் தரப்போகிற மாத்திரையோடு அது சேரவே கூடாது, சேர்ந்தால் எண்ணெய் வெளியே போகாமல் உடம்புக்குள் இறங்கிவிடும் என்றாள். மாத்திரையை நாளையிலிருந்து தொடங்குங்கள், இன்றைக்கு வெறும் தண்ணீர் குடித்துக்கொண்டிருங்கள் என்று அவருக்குத் தனித் தண்டனை கொடுத்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, எண்ணெய் எப்போது கடைசியாகக் குடித்தீர்கள் என்று கேட்டாள். நேற்றுக் காலையில் என்றதும், சரி, அப்படியானால் இன்று படுக்கும்போதே ஒன்று போடுங்கள், எண்ணெய்ப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதீர்கள் என்றாள்.

இஸ்பந்தியார் கெத்தை விடாமல், வெளிநாட்டு மருந்தாகக் கொடுங்கள், காசைப் பற்றிக் கவலை இல்லை என்றார். அவள் இரண்டு பெட்டிகளை எடுத்து முன்னால் வைத்தாள்.

"பெட்டிதான் வெளிநாடு. உள்ள இருக்கிற சரக்கு ரெண்டும் ஒண்ணுதான். நம்ம நாட்டுப் பெட்டிய வாங்குங்க, மிச்சக் காசுக்கு ஆல்பகோடாப் பழம் வாங்கி ஊறவச்சுத் தின்னுங்க."

நாளை மாலைக்குள் வேலை முடிய வேண்டும், ஒரேயடியாக மூன்று போடலாமா என்று இவர் கேட்டார். கூடவே கூடாது என்றாள். இது பிடித்துத் தள்ளுகிற மருந்து இல்லை. தண்ணீரை உள்ளே இழுத்து இளக்கி மட்டும் விடும். ஒரு நாள் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம், மூன்று நாள்கூட ஆகலாம். ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு முழு டம்ளர் தண்ணீர், பகலெல்லாம் இன்னும் தண்ணீர், கொஞ்சம் நடை, கீரை, பழம். போனதும் நிறுத்திவிட வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் என்னைக் கேட்காமல் தொடக் கூடாது. அதற்குள் நடுவில் வலி வந்தாலோ, மூன்று நாளில் ஒன்றும் நடக்காவிட்டாலோ வைத்தியரிடம் போய்விட வேண்டும். முக்கியமாக, வருகிறபோது அடக்கக் கூடாது என்றாள். அப்படிச் சொன்னபோது இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

காசு கொடுக்கிற நேரத்தில் நான்தான் நீதான் என்று மறுபடி ஒரு சண்டை. அவள் இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினாள்.

வெளியே வந்து மர நிழலில் ஒரு பலகையில் உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு மாத்திரைப் பெட்டியைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார்கள். பிறகு ரஹ்மத்தான் மனசைக் கொட்டினார். நீங்கள் தின்றால் நான் தின்ன வேண்டும், நீங்கள் எழுந்தால் நான் எழ வேண்டும், நீங்கள் முற்றத்துப் பக்கத்து அறையில் இருக்கும்போது நான் கெண்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் முன்னால் எப்படி நடப்பேன், என் வீட்டுக் கழிப்பறைக்கு நானே போக முடியவில்லை என்றார். கேட்கக் கேட்க இஸ்பந்தியாருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். இவ்வளவு நல்ல மனுஷரையா கசந்துபோனார் என்று நினைத்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

இந்தக் கதை நம் இரண்டு பேரோடு போகட்டும், யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று ரஹ்மத் இவர் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். பெரிய வியாபாரி, ஊரில் பேர் உள்ளவர், அவருக்கு அவர் மானம். இவரும் சந்தோஷமாகச் சத்தியம் செய்தார்.

ஆனால் சத்தியம் செய்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். மொலூக்கிடம் என்ன சொல்வது? பிள்ளையின் அப்பாவுக்கு நம்மேல் ஒரு வருத்தமும் இல்லை என்று ரஹ்மத் சொன்னார். எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். தெரியும் என்றார். சட்டென்று எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். அவர் எதையோ மறைக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துபோய், முன்னைவிட அதிகமாக அழுதாள்.

மறுநாள் மாலை பெரியவர்கள் கூடினார்கள். கூடம் நிறைய ஆட்கள். நடுவில் பலகாரத் தட்டுகள். மொலூக்கின் அண்ணன் நிஜாம், வீட்டுக்கு மூத்தவர், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். கியானூஷ் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். மஹ்லகா தேநீர்த் தட்டோடு வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் தட்டை நீட்டினாள். இஸ்பந்தியார் கோப்பையை எடுத்தார். பலகாரம் வந்தது. கை தானாகவே வேண்டாம் என்று தடுத்தது.

நிஜாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு வார்த்த நேரா கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்டுச் சோறு உங்களுக்குப் பிடிக்கல. எங்க பலகாரமும் பிடிக்கல. எங்க பொண்ணும் பிடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க. சங்கடமில்லாம எழுந்துக்கலாம்."

கியானூஷ் அப்பாவைப் பார்த்தான். சின்ன வயசில் கை தவறி எதையாவது உடைத்துவிட்டு, அடிக்கப் போகிறாரோ என்று பார்ப்பானே, அந்தப் பார்வை. ரஹ்மத் தலையைக் குனிந்துகொண்டார். சத்தியம் அவர் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

இஸ்பந்தியார் கோப்பையைக் கீழே வைத்தார். மகனுடைய முகத்தைப் பார்த்தார். இந்த முகத்தைவிட என் மானம் பெரிசா என்று நினைத்தார். இல்லை என்று தெரிந்தது.

"சோறு அமிர்தம். பொண்ணு அதுக்கும் மேல. குத்தம் எல்லாம் என் வயித்துலதான் இருக்கு. நான் உங்க ஊருக்கு வந்ததுலேருந்து எனக்கு வெளிக்குப் போகல. அதான் சாப்பிடல. வேற ஒண்ணும் இல்ல."

நிஜாமின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. சொன்ன பிறகுதான் இஸ்பந்தியாருக்குக் காதெல்லாம் சூடேறியது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. எழுந்தால் எல்லாரும் எழுவார்களே.

அப்போது ரஹ்மத் தலையை நிமிர்த்தாமலே கையை மட்டும் தூக்கினார்.

"எனக்கும்தான்" என்றார்.

மொலூக்குக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. முக்காட்டு நுனியை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு கூடமே சிரித்தது. நிஜாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு வருஷக்கணக்காக இருக்கிறது ஐயா, இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை, என்ன மருந்து வாங்கினீர்கள் என்று கேட்டார். வருஷக்கணக்கு என்றால் மாத்திரையை நம்பாதீர்கள், முதலில் வைத்தியரைப் பாருங்கள் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். பேச்சு அன்றே முடிந்தது. கியானூஷ் எழுந்து வந்து, எல்லார் முன்னாலும், அப்பாவின் தலையில் முத்தம் கொடுத்தான். மஹ்லகா பலகாரத் தட்டை அவர் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது ஒரு கிண்ணத்தில் வெந்நீரில் ஊறவைத்த ஆல்பகோடாப் பழம் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள். இஸ்பந்தியார் அந்தக் கிண்ணத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஃபரங்கீஸை நினைத்துக்கொண்டே ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் மொலூக் சமையலறையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து இஸ்பந்தியாரும் அந்தக் கோடியிலிருந்து ரஹ்மத்தும், ஆளுக்கு ஒரு கெண்டியோடு, வேகமாக வருவது ஜன்னல் வழியே தெரிந்தது. இரண்டு பேரும் கழிப்பறை வாசலில் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். இரண்டு பேர் முகத்திலும் அவசரம்.

ரஹ்மத் பழக்கதோஷத்தில் கையை நீட்டி, நீங்க முதல்ல என்று ஆரம்பித்தார்.

இஸ்பந்தியார் பதிலுக்கு நீங்க முதல்ல என்று சொல்லவில்லை. ஐயோ என்று சொல்லவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை. நேரே உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

மொலூக் ஜன்னலில் நின்று வாயைப் பிளந்தாள். என்னங்க இது, ஒரு வார்த்தை முகமன் கூடச் சொல்லலையே என்றாள்.

ரஹ்மத் கெண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். முகம் முழுக்கச் சந்தோஷம்.

"இப்பத்தான் மொலூக் அவரு நமக்குச் சம்பந்தி ஆயிருக்காரு" என்றார். அப்புறம் கதவைத் தட்டி, சீக்கிரம் வாய்யா என்றார்.